குட்டைக் கயிறு

அந்த அம்மாளுக்கு முடிச்சு என்றாலே ஆகாது. கட்டியிருக்கிற எதைக் கண்டாலும் கை தானாகப் போய்விடும். ஆட்டுக் கயிறு, தார்ப்பாயின் மூலைக் கயிறு, அரிசி மூட்டையின் சணல், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஷூ நாடா, எதுவானாலும் சரி. வாய் பேசிக்கொண்டிருக்கும், விரல் அது பாட்டுக்கு அவிழ்த்துக்கொண்டிருக்கும். பேச்சு முடியும்போது கயிறு தரையில் கிடக்கும். நாம் சத்தம் போட்டால் அவரிடம் ஒரே பதில்தான். "சோடோ சார்." விட்டுத் தள்ளுங்கள் என்பதற்குத் தீவு இந்தி. மற்றபடி அவர் பேசியது அசல் சிவகங்கைத் தமிழ். முப்பது வருடம் தீவில் இருந்தும் அது தேயவில்லை.

சுனாமியில் கடல் வந்து போய் இரண்டு வருடம் கழித்து என்னைக் கேம்பல் பேயில் இருந்த கால்நடை மருந்தகத்துக்கு மாற்றினார்கள். நான் டாக்டர் இல்லை. ஊசி போடுகிறவன், புண்ணுக்கு மருந்து வைக்கிறவன், முரட்டு மாட்டைப் பிடித்துக் கட்டுகிறவன். ஆனால் அந்தத் தீவில் ஊசி பிடித்தவனெல்லாம் டாக்டர் சாப்தான். நானும் மறுத்துச் சொல்லவில்லை, யாருக்குக் கசக்கும்? புரோத்ராபூரில் மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு, கப்பலில் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்துக்கொண்டு போய் இறங்கிய எரிச்சல் எனக்கு ஆறு மாதம் அடங்கவில்லை. அந்த எரிச்சலில் முதலில் மாட்டியது அந்த அம்மாள்தான்.

வேலையில் சேர்ந்த முதல் வாரம். ஒரு வங்காளிப் பெரியவர் கன்றுக்குட்டியைக் கொண்டு வந்திருந்தார். தூணில் கட்டி, ஊசி போட்டுவிட்டு, ரிஜிஸ்டரில் எழுத உள்ளே போனேன். திரும்பி வந்தால் கன்று இல்லை. பெரியவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாலையில் ஓடுகிறார். தூண் பக்கத்தில் ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மாள், கொண்டை போடாத தலைமுடி முதுகெல்லாம் விரிந்து கிடக்க, கையில் கயிற்றோடு நிற்கிறார்.

"யாரும்மா நீங்க? புத்தி கித்தி இருக்கா?" என்று கத்தினேன்.

"ஊசிதேன் போட்டாச்சுல்ல சார். பெறகு என்னத்துக்கு அத இன்னும் கட்டிப் போட்டிருக்கீக?"

"அது யாரு மாடு, நீங்க யாரு?"

"நான் இருபத்தேழு," என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மருந்தகத்தில் கூட்டுகிற ராஞ்சிக்காரர்தான் விளக்கினார். கடலோரச் சாலையில் கிலோமீட்டர் கல்லை வைத்துத்தான் அங்கே ஊரைச் சொல்வார்கள், ஆளையும் சொல்வார்கள். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்கு அந்தச் சாலை ஓரத்தில் காட்டை வெட்டி அரசாங்கம் நிலம் கொடுத்திருந்தது. இருபத்தேழாவது கல்லில் அந்த அம்மாளின் வீட்டுக்காரர் மாட்டுப் பண்ணை வைத்திருந்தார். இப்போது அங்கே யாரும் இல்லை. கல்கூட இல்லை. மிஞ்சியவர்களைக் கொண்டுவந்து தகரக் கொட்டகை வரிசைகளில் வைத்திருந்தார்கள். ஷெல்டர் என்று பெயர்.

ஷெல்டரில் அவருடைய அறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. வந்த அன்றே திருப்புளி வாங்கிக் கழற்றிப் போட்டுவிட்டாராம். நாய் உள்ளே போகும், கோழி போகும், பக்கத்து வரிசைக் குழந்தைகள் போய்ச் சோறு எடுத்துத் தின்னும். "திருட்டுப் போகாதாக்கா?" என்று ஒரு தடவை கேட்டேன். "போறதெல்லாம் போயிருச்சு, இனி என்னத்தத் திருடப் போறாய்ங்க," என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். 

எல்லாரும் அவர்மேல் இரக்கம் வைத்திருந்தார்கள் என்று சொன்னால் அது பொய். ஒரு ஆவணி மழையில் வரிசைக் கோடியில் கட்டியிருந்த பெரிய தார்ப்பாயை அவிழ்த்துவிட்டார். நான்கு குடும்பத்து அரிசியும் துணியும் நனைந்து நாசமாகிவிட்டன. பக்கத்து அறை வங்காளி அம்மாள் மண்ணை வாரித் தூற்றாத குறை. "பாகல் ஔரத்! பைத்தியக்காரி! இவளை மெயின்லேண்டுக்கு அனுப்பித் தொலையுங்கள்" என்று இந்தியில் கத்தினாள். அந்த அம்மாள் நனைந்துகொண்டே நின்றார். கடைசியில், "காத்துல அது அடிச்சிக்கிட்டுக் கெடந்துச்சு. என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியல," என்றார். அப்போது எனக்கும் கோபம்தான். பைத்தியம் என்றுதான் நானும் நினைத்தேன்.

அடுத்த மாதம் மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. கைவிட்ட பண்ணைகளிலிருந்து தப்பிய மாடுகள் காட்டு மாடாகத் திரிகின்றன, ராத்திரியில் வந்து ஷெல்டர்காரர்கள் போட்ட அவரைக் கொடியையும் மரவள்ளியையும் மேய்ந்துவிடுகின்றன என்று மனு மேல் மனு. எந்தப் பக்கம் எத்தனை மாடு என்று போய்ப் பார்த்து எழுதச் சொல்லியிருந்தது. வழி தெரிந்த ஆள் வேண்டும். ராஞ்சிக்காரர் சொன்னார், இருபத்தேழைக் கூட்டிக்கொண்டு போங்கள் சாப் என்று. அரை மனசாகப் போய்க் கேட்டேன்.

"மாட்ட என்ன செய்வீக?"

"எண்ணத்தான்க்கா. வெறும் எண்ணிக்கை."

அது அன்றைக்கு உண்மைதான்.

சாலை பாதிக்கு மேல் கடலுக்குள் கிடந்தது. எஞ்சின் வைத்த டுங்கிப் படகில் ஓர் ஓடை வாய்வரை போய், அங்கிருந்து நடந்தோம். நான், அவர், இரண்டு ராஞ்சித் தொழிலாளிகள். தீவு என்றால் பச்சை என்று நினைப்பவர்கள் அந்த இடத்தைப் பார்க்க வேண்டும். நிலம் ஓர் ஆள் உயரத்துக்கு அமுங்கி, கடல் ஏறி இறங்கி ஏறி இறங்கி, மண் முழுக்க உப்புப் பூத்துக் கிடந்தது. கால் வைத்தால் அப்பளம் போல் நொறுங்கும். தலையில்லாத தென்னைகள் வரிசையாக நின்றன. ஒரு புல் கிடையாது, ஒரு குருவி கிடையாது. வெயில் வெள்ளை வெளேரென்று கண்ணைக் குத்தியது.

"அவுகளுக்கு ராஜஸ்தான்ல ஏழு வருசம் டூட்டி," என்றார் அந்த அம்மாள். "தண்ணிக்கும் பச்சைக்கும் ஏங்கி ஏங்கித்தேன் இங்கன நெலம் எழுதிக் கேட்டாக. பாலைவனத்துல இருந்து தப்பிச்சு வந்துட்டோம்டின்னு சிரிப்பாக. அது பின்னாலயே வந்துருச்சு பாத்தீகளா."

பண்ணையின் இரும்புக் கேட் மட்டும் அப்படியே நின்றது. இரண்டு சிமெண்டுத் தூண், நடுவில் கேட். வேலி ஒரு முழம்கூட இல்லை. சங்கிலியும் கொண்டியும் துருவேறி ஒட்டிக்கொண்டிருந்தன. நானும் ஆட்களும் பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டோம். அவர் வரவில்லை. ஒரு கல்லை எடுத்துச் சங்கிலியை அடிக்க ஆரம்பித்தார்.

"சுத்தி வாங்கக்கா, திறந்துதானே கிடக்கு!"

காதிலேயே வாங்கவில்லை. அரை மணி நேரம் அடித்தார். உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்தது. ராஞ்சிக்காரர் ஒருவர் கல்லை வாங்கி இரண்டு போடு போட்டதும் சங்கிலி அறுந்தது. கேட்டை இரண்டு பக்கமும் அகலத் தள்ளிவிட்டு, மணலைக் காலால் அணைத்து, அது மறுபடி மூடாதபடி செய்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். அதற்குள் நான் சூரியனைப் பார்த்துப் பார்த்து நொந்துபோயிருந்தேன்.

உள்ளே வீடு இல்லை, தரை மட்டும் இருந்தது. ஒரு பீரோ குப்புறக் கிடந்தது. பால் கேனுக்குள் நண்டு குடியிருந்தது. தீவனத் தொட்டிகளில் கடல் மணல். அதற்கு அப்பால் மாட்டுக் கொட்டகை. கூரை போய்விட்டது, சிமெண்டு கட்டைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு கட்டையின் அடியிலும் ஒரு நீல நைலான் கயிறு. நைலான் மக்காது. ஒரு முழம் நீளம்கூட இல்லாத கயிறுகள், அவற்றின் அந்தப் பக்கத்தில் எலும்பு. ஒன்பது எண்ணினேன்.

அவர் முதல் கட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். அவிழ்த்துக்கொண்டே சொன்னார்.

"அதுக்கு முந்தின மாசந்தேன் பெரிய சண்டை. நம்ம மாடு போயி அடுத்த தோட்டத்துப் பாக்குக் கன்ன மேஞ்சிருச்சு. பஞ்சாயத்துல எல்லார் முன்னாலயும் இவுக கையெடுத்துக் கும்புட்டு, இனிமே என் மாடு கேட்டத் தாண்டாதுன்னு சத்தியம் பண்ணிட்டு வந்தாக. பட்டாளத்து ஆளு, தலை குனிஞ்சு பழக்கமில்ல. ரெண்டு நா சோறு திங்கல. அன்னிக்கிக் காலையில பூமி ஆடுச்சு பாருங்க, நிக்க முடியல, சுவரு விழுந்துருச்சு. மாடெல்லாம் அத்துக்கிட்டு மலையப் பாத்து ஓடுதுக. ஆட்டம் நின்னதும் நாங்க வீட்டப் பாக்கலயே சார். அய்யோ, பாக்குத் தோட்டத்துல புகுந்துருமேன்னு ஓடினோம். ஒன்பதப் புடிச்சுக் கொண்டாந்துட்டோம். எங்க மாடு எங்க சத்தத்துக்கு வரும். கூப்பிட்டோம், வந்துருச்சுக. மறுபடி அத்துக்கக் கூடாதுன்னு குட்டையா, தலை தூக்க முடியாம, ரெட்ட முடிச்சாப் போட்டோம்."

ஒரு கயிறு அவிழ்ந்தது. அடுத்த கட்டைக்கு நகர்ந்தார்.

"ஒருத்தி மட்டும் வரல. கிறுக்கின்னு ஒரு கெடேரி. எப்பவுமே கட்டுக்கு நிக்காத கழுதை. நீ போயி அவளப் புடி, நான் இதுகள முடிச்சிடுறேன்னு இவுக சொன்னாக. குச்சிய எடுத்துக்கிட்டுத் திட்டிக்கிட்டே ஏறினேன். அவ மேல மேல போறா. நானும் போறேன். அப்பத்தேன் சத்தம் கேட்டுச்சு."

அங்கேயே நிறுத்திவிட்டு அடுத்த முடிச்சுக்குப் போனார்.  அதை அவிழ்த்துக்கொண்டே, "பாக்குக் கன்னும் போச்சு. கன்னு வச்சவுகளும் போயிட்டாக. நல்ல மனுசங்க," என்றார்.

ஒன்பது கயிற்றையும் அவிழ்த்த பிறகு, கூடவே கொண்டுவந்திருந்த தவிட்டுத் தகரத்தை எடுத்து, காட்டோரமாகப் போய் நின்று, விரலால் மூன்று தட்டு, ஒரு நிறுத்தம், பிறகு இரண்டு தட்டு தட்டினார். "ஏ கிறுக்கி... வாடீ, ஆத்தா வந்திருக்கேன்டீ..." என்று இழுத்துக் கூப்பிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு வருடக் காட்டு மாடு வருமா? வந்தது. நெற்றியில் வெள்ளைச் சுட்டி வைத்த செவலை. அதற்குப் பின்னால் புதருக்குள் ஏழெட்டு நிழல்கள். பக்கத்தில் வந்து தவிட்டைத் தின்றது. அவர் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். எங்கள் வாசனை பட்டதும் அது விலகிப் போய்விட்டது. அவர் ஒரு அடிகூடப் பின்னால் போகவில்லை.

"மூணு நா மலையில அவ வால புடிச்சிக்கிட்டுத்தேன் திரிஞ்சேன் சார். ஊத்து எங்கன இருக்குன்னு அவளுக்குத்தேன் தெரியும்," என்றார் படகில்.

நான் ஒழுங்காக எழுதினேன். இருபத்தேழாவது கிலோமீட்டர், மாடுகள் எட்டு, தலைமை மாடு செவலைப் பசு. அடுத்த கப்பலிலேயே பதில் வந்தது. தலைமை மாட்டைப் பிடித்தால் மற்றவை தானே வரும், பிடித்துக் கொண்டுவந்து பட்டியில் அடைக்கவும்.

நான் மறுத்திருக்கலாம். வரவில்லை, கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கலாம். அதற்குள் புரோத்ராபூருக்கு மாற்றல் கேட்டு ஒரு விண்ணப்பம் போட்டிருந்தேன். அந்த நேரத்தில் கெட்ட பெயர் வேண்டாம் என்று இருந்தது. அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்திருந்தால் எனக்கே ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த அம்மாளிடம் சொல்லவில்லை. சொன்னால் வருவார், வந்தால் அவிழ்ப்பார். நானும் அந்த இரண்டு ராஞ்சிக்காரர்களும் போனோம். கையில் தகரமும் தவிடும் இருந்தன. காட்டோரமாக நின்று மூன்று தட்டு, நிறுத்தி, இரண்டு தட்டு. ஆண்குரலை ஒடுக்கி, "ஏ கிறுக்கி... வாடீ" என்று இழுத்தேன். வெட்கமாகக்கூட இல்லை, வித்தை பலிக்குமா என்றுதான் நெஞ்சு அடித்துக்கொண்டது. அது வந்தது. சந்தேகமாகத்தான் நின்று நின்று வந்தது. தகரத்தில் வாய் வைத்ததும் சுருக்கைப் போட்டோம்.

திமிறியது பாருங்கள், மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு போனது. ஓடைக்கு இந்தப் பக்கம் ஒரு தென்னங்கட்டை, சுற்றிலும் கொஞ்சம் கோரைப் புல். அத்தனை உப்பு மண்ணில் அங்கே மட்டும்தான் புல் இருந்தது. புல் இருக்கிற இடத்துக்குக் கடல் வராது என்று நான் முடிவு கட்டினேன். கட்டையின் அடியில் குட்டையாகக் கட்டினேன். முரட்டு மாட்டைத் தலை தூக்க முடியாமல் கட்ட வேண்டும் என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம்.

"ரஸ்ஸி தோடா லம்பா சோடோ சாப்," என்றார் ராஞ்சிக்காரர்களில் மூத்தவர். கயிற்றைக் கொஞ்சம் நீளமாக விடுங்கள் என்றார். "உனக்குத் தெரியுமா எனக்குத் தெரியுமா" என்று எரிந்து விழுந்தேன். மாட்டை ஏற்றுவதற்குப் பெரிய டுங்கியை இந்தப் பக்கம் கொண்டுவர மூவரும் ஓடையைத் தாண்டி அக்கரைக்குப் போனோம். ஒரு மணி நேர வேலை. எஞ்சின் கிளம்பவில்லை. பிளக்கைத் துடைத்தோம், கயிற்றைச் சுற்றிச் சுற்றி இழுத்தோம், டுங்கிக்காரன் எண்ணெய் தேடிப் போனான். இரண்டரை மணி நேரம் ஆகிவிட்டது. அமாவாசைக்கு முந்தின நாள், ஓதம் பெரிதாக ஏறும். நிலம் அமுங்கிய பிறகு அந்தப் பக்கத்தில் கடல் முன்னால் இருந்து வருவதில்லை, ஓடை வழியாகப் பின்னால் இருந்து ஏறுகிறது. அந்தக் கோரை உப்புத் தண்ணீரில் வளருகிற கோரை. அந்த அம்மாளைக் கேட்டிருந்தால் ஒரு வார்த்தையில் சொல்லியிருப்பார்.

திரும்பி வந்தபோது கட்டையைச் சுற்றித் தண்ணீர் என் இடுப்புக்கு மேலே இருந்தது. இடுப்பளவு தண்ணீர் ஒரு மாட்டை என்ன செய்யும்? நின்றிருந்தால் முதுகு நனையும், அவ்வளவுதான். தலையைத் தூக்கக் கயிறு இன்னும் இரண்டு முழம் இருந்திருந்தால் போதும். நான் விடவில்லை. தண்ணீருக்குள் முதுகு மட்டும் செம்மண் திட்டு மாதிரி தெரிந்தது. முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன், இறுகிப்போயிருந்தது. கத்தியால் அறுத்தேன். அது ஓடையோடு போனது. ராஞ்சிக்காரர்களில் மூத்தவர் சிலுவை போட்டுக்கொண்டார். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றேன். சொல்லவில்லை, ஆனால் அதற்குப் பிறகு அவர் என்னோடு வெளி வேலைக்கு வரவே இல்லை.

மறுநாள் காலை மருந்தகம் திறக்கும்போதே அந்த அம்மாள் வாசலில் நின்றார். டுங்கிக்காரன் மாடு பிடிக்கப் போனதைச் சொல்லியிருக்கிறான்.

"புடிச்சீகளாமே?"

"புடிச்சோம்க்கா."

"கட்டினீகளா?"

"கட்டினேன்." கதவைத் தள்ளித் திறந்தேன். "அவுந்துருச்சுக்கா. கயிறு நழுவி, காட்டுக்குள்ள ஓடிட்டா."

என் முகத்தையே பார்த்தார். பிறகு சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கட்டத் தெரியாத ஆளா நீங்க! நல்லாருப்பீக சார், நல்லாருப்பீக. ஒங்க புள்ள நூறு வருசம் இருக்கும்," என்றார். நான் பஞ்சு டப்பாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னைக் கொன்றது. அந்த அம்மாள் தேறிவிட்டார். ஒருநாள் பார்த்தால் தலைமுடியைக் கொண்டை போட்டிருந்தார். இன்னொரு நாள் அறைக்கதவில் ஒரு நாடாவைத் தாழ்ப்பாளாகக் கட்டியிருந்தார். தார்ப்பாயைச் சண்டைக்கார வங்காளி அம்மாளோடு சேர்ந்து அவரே இழுத்துக் கட்டினார். எல்லாரும் அதிசயப்பட்டார்கள். எனக்கு மட்டும் காரணம் தெரியும். உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று பல தடவை அந்த வரிசை வரைக்கும் போயிருக்கிறேன். கொண்டையைப் பார்த்ததும் திரும்பிவிடுவேன். மாற்றல் வந்தது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். மனைவி மூன்று மாதம் என்னோடு பேசவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து அவருடைய தம்பி அவரைச் சிவகங்கைக்கே அழைத்துக்கொண்டார். ஜெட்டிக்கு நான்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். ஒரு பெட்டி, ஒரு சாக்கு மூட்டை. மூட்டையின் வாயைச் சணலால் இறுக்கக் கட்டியிருந்தார். கப்பலில் ஏறுகிற கும்பல் நெருக்கித் தள்ளியது. படிக்கட்டில் கால் வைத்தவர் திரும்பினார்.

"தம்பி," என்றார். அதுவரை நான் சார்தான். "கிறுக்கி அங்கனதேன் திரியுவா. ஊசி போட, எண்ண, எதுக்குப் போனாலும் தூரத்துல நின்னு பாத்துக்கங்க. கூப்பிட மட்டும் செய்யாதீக. கூப்பிட்டா வந்துருவா."

"கூப்பிட மாட்டேன்க்கா," என்றேன்.